கருவாட்டை ஒன்லைனில் விற்கிறது: காசு யார் கையில, பாரம் யார் தலையில?

2024 ஜூன் 9, காலை. கேள்வி (திருகோணமலை மாவட்டம், மூதூரிலிருந்து ஒரு தம்பி)

அக்கா, ஒரு சந்தேகம். நான் இப்ப இ-பிஸ்னஸ் அறிமுகம் என்று ஒரு பாடம் படிக்கிறேன். பாடம் முழுக்க வெப்சைட், சேர்வர், பேமன்ட் கேட்வே என்றுதான் இருக்கு. எங்கட வீட்டில உம்மாவும் மாமியும் நெத்தலிக் கருவாடு, கட்டாக் கருவாடு போடுறாங்க. நான் பேஸ்புக்கில படம் போட்டு, வட்ஸப்பில ஓடர் எடுத்து, கூரியரில அனுப்புறேன். வகுப்பில ஒருத்தர், "வாசல்ல வச்சுக் காசு வாங்கினா அது ஒன்லைன் வியாபாரமே இல்ல" என்கிறார். அவர் சொல்றது சரியா? வெப்சைட் ஒன்று போடத்தான் வேணுமா?

ஜூன் 9, இரவு. பதில் (உப்புவெளியிலிருந்து அக்கா)

சரியில்லை தம்பி. அவருக்கு ஒரு கதை சொல்லுங்க. 1984இல் இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரில் ஜேன் ஸ்னோபோல் என்ற 72 வயது அம்மா, டீவி ரிமோட்டை அழுத்தி டெஸ்கோ கடையில் மாஜரின், கோர்ன்ஃபிளேக்ஸ், முட்டை ஓடர் பண்ணினார். வீட்டிலிருந்தபடி ஒன்லைனில் சாமான் வாங்கிய முதல் ஆள் அவர்தான் என்பார்கள். டீவியை டெலிபோன் லைனோடு இணைத்து அந்த முறையைச் செய்தவர் மைக்கல் ஓல்ட்ரிச், 1979இல். சாமான் வாசலுக்கு வந்தது. அந்த அம்மா காசைக் கையில்தான் கொடுத்தார். அதாவது இந்த வியாபாரம் பிறந்ததே கேஷ் ஒன் டெலிவரியோடுதான்.

திரையில் கார்ட் நம்பரை மறைகுறியாக்கி அனுப்பிச் சாமான் வாங்குவது அதற்குப் பத்து வருஷம் கழித்து, 1994 ஓகஸ்ட் 11இல் நடந்தது. நெட்மார்க்கெட் என்ற அமெரிக்கத் தளத்தில் ஒருவர் 12.48 டொலருக்கு ஒரு இசைத்தட்டு வாங்கினார்.

நம்ம நாட்டுச் சட்டமும் உங்கள் பக்கம்தான். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி, மின்னணு வடிவில் செய்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தள்ள முடியாது. வட்ஸப்பில் "2 கிலோ நெத்தலி அனுப்புங்க" என்று ஒருவர் கேட்டு, நீங்கள் "சரி, இவ்வளவு காசு" என்று எழுதினால் அது வெறும் கதை இல்லை. காணி விற்பனை, இறுதி விருப்பாவணம், அற்றோணித் தத்துவம் போன்றவற்றை மட்டும் அந்தச் சட்டம் வெளியே வைத்திருக்கிறது. கருவாடு உள்ளேதான் இருக்கிறது.

வெப்சைட் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கு.

ஜூன் 10

அந்தப் பெரிய விஷயம் இதுதான். கடையில் காசும் சாமானும் ஒரே நேரத்தில் கை மாறும். ஒன்லைனில் இரண்டுக்கும் நடுவே சில நாள் இடைவெளி வருகிறது. அந்த நாட்களில் நட்டம் வந்தால் யார் தலையில்? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் உங்கள் பாடத்தில் பாதி தானாக விளங்கும்.

வாங்குபவர் முதலில் வங்கிக்குக் காசு போட்டால் பாரம் அவர் தலையில். ஏமாற்றுக்காரப் பக்கமாக இருந்தால் காசு போச்சு. கேஷ் ஒன் டெலிவரி என்றால் பாரம் முழுக்க விற்பவர் தலையில். கார்டில் கட்டினால், "சாமான் வரவில்லை" என்று வாங்கியவர் தன் வங்கியிடம் முறையிடலாம். அது சரியென்று கண்டால் வங்கி விற்பவரிடமிருந்து காசைத் திரும்ப எடுக்கும். ஆகவே காசு வந்த பிறகும் பாரம் கொஞ்சம் விற்பவரிடமே நிற்கிறது.

நான் உப்புவெளியில் இருந்து கருவாடும் இடிச்ச மிளகாய்த்தூளும் அனுப்புகிறேன். கேஷ் ஒன் டெலிவரியில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். தெற்குப் பக்கம் ஒரு ஊருக்கு ஐந்து கிலோ கட்டா போனது. ஓடர் கொடுத்தவர் போனை எடுக்கவே இல்லை. கூரியர்காரர் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, ஆளில்லை என்று எழுதி, பார்சலை ஏதோ ஒரு களஞ்சியத்தில் போட்டுவிட்டார்கள். அது திரும்பி வந்து பெட்டியைத் திறந்தபோது அடியில் இருந்த துண்டுகளில் ஈரம் ஏறி, செதில் ஓரமாக வெள்ளைப் பூஞ்சணம் பூத்திருந்தது. போன கூலியும் நான்தான், வந்த கூலியும் நான்தான், கருவாடும் குப்பைக்கு. உடுப்பு விற்பவருக்குத் திரும்பி வந்த பார்சலை இன்னொருவருக்கு அனுப்பலாம். சாப்பாட்டுச் சாமானுக்கு அந்த வசதி கிடையாது. இதை எந்தப் பாடப்புத்தகமும் தனியாக எடுத்துச் சொல்வதில்லை. சொல்லவேண்டும்.

ஜூன் 10, பின்னேரம்

ஒன்று விட்டுப்போச்சு. காசு போட்டதாக அனுப்புகிற ஸ்க்ரீன்ஷொட்டை நம்பிப் பார்சலைக் கட்டாதீங்க. ஸ்லிப் படத்தில் தொகையையும் திகதியையும் மாற்றுவது சின்ன வேலை. எனக்குத் தெரிந்த ஒரு கேக் செய்யும் அக்கா, ஒரே ஸ்லிப்பை இரண்டு பேர் அனுப்பியதைக் கணக்குப் பார்க்கும்போதுதான் பிடித்தார். உங்கள் வங்கி அனுப்புகிற எஸ்எம்எஸ், இல்லையென்றால் ஆப்பில் தெரிகிற மீதி, இந்த இரண்டு மட்டும்தான் சாட்சி. 2015இல் செஃப்ட்ஸ் முறை வந்த பிறகு ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குக் காசு உடனே வந்து சேர்கிறது. "நாளைக்கு வந்திரும், இப்ப அனுப்புங்க" என்று அவசரப்படுத்துபவர்களிடம் பொறுமையாக, வந்ததும் அனுப்புகிறேன் என்று சொல்லுங்க.

ஓடிபியை, அதாவது வங்கி உங்கள் போனுக்கு அனுப்பும் ஒருமுறை இரகசிய இலக்கத்தை, வாங்குபவர் கேட்டாலும், "வங்கியிலிருந்து கதைக்கிறோம்" என்று கேட்டாலும் கொடுக்கக்கூடாது. காசு வாங்குவதற்கு ஓடிபி தேவையே இல்லை.

ஜூன் 13

என் ஐந்து கிலோக் கதையைப் படித்துவிட்டு இங்கே ஒருவர் "அப்ப கேஷ் ஒன் டெலிவரியை நிப்பாட்டுங்க, பிரச்சினை முடிஞ்சுது" என்று எழுதியிருக்கிறார். இரண்டு நாளாக யோசித்தேன். எனக்கு அதில் உடன்பாடில்லை.

கொழும்பிலோ கண்டியிலோ இருக்கும் ஒருவருக்கு மூதூர் எங்கே என்று தெரியும், உங்கள் உம்மாவைத் தெரியாது. தெரியாத ஒருவருடைய கணக்குக்கு முன்பணம் போடச் சொல்வது சின்னக் கேட்பு இல்லை. எத்தனை பேர் பேஸ்புக்கில் ஏமாந்திருக்கிறார்கள்! அவர் தயங்குவது நியாயம். முதல் ஓடருக்கு அந்தப் பாரத்தை நாம் தூக்குவதுதான் அவரை உள்ளே கொண்டுவரும் வழி. இரண்டாவது ஓடருக்கு அவரே "கணக்கு நம்பர் அனுப்புங்க" என்பார், என் வாடிக்கையாளரில் அநேகம் பேர் அப்படித்தான். அதனால் நான் இப்போது செய்வது: முதல் தடவைக்கு ஒரு கிலோ வரைதான் கேஷ் ஒன் டெலிவரி. அதற்கு மேல் வேணுமென்றால் கூரியர் கூலியை மட்டுமாவது முன்னுக்குப் போடச் சொல்வேன். கூலியைப் போட்டவர் போனை எடுக்காமல் விடுவதில்லை.

சீனாவில் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தார்கள். 2003இல் தாவ்பாவ் என்ற விற்பனைத் தளம் தொடங்கியபோது அங்கேயும் முன்பின் தெரியாத ஆட்களிடம் வாங்கப் பயம். அந்தத் தளத்தின் காசு கட்டும் முறையான அலிபே, வாங்குபவரின் காசைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, சாமான் கையில் கிடைத்தது என்று அவர் சொன்ன பிறகுதான் விற்பவருக்குக் கொடுத்தது. நம்ம ஊரில் சீட்டுப் பிடிக்கிற அக்காவிடம் எல்லாரும் காசைக் கொடுத்து வைப்பது மாதிரி, இரண்டு பக்கமும் நம்புகிற மூன்றாவது ஆள். தராஸ் போன்ற பெரிய தளத்தில் விற்றாலும் காசு உடனே கைக்கு வராது, தளம் தன்னிடம் வைத்திருந்துதான் தரும். கொமிஷனும் எடுக்கும். அந்தக் கொமிஷனில் ஒரு பங்கு இந்த நடுவாள் வேலைக்கான கூலி. அதைக் கொள்ளை என்று மட்டும் பார்க்கத் தேவையில்லை.

ஜூன் 14

வெப்சைட் போடணுமா என்ற கேள்விக்கு வருகிறேன்.

இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். உங்களிடம் இருப்பது நாலைந்து வகைக் கருவாடு. வட்ஸப் பிஸ்னஸில் ஒரு கெற்றலொக் போட்டு, ஒவ்வொன்றுக்கும் விலையும் நிறையும் எழுதினால் அது கடைதான். காசு வாங்க லங்காகியூஆர் என்ற கியூஆர் படம் ஒன்று எடுத்து வையுங்க. 2018இல் மத்திய வங்கி நாடு முழுவதுக்கும் ஒரே கியூஆர் தரத்தைக் கொண்டுவந்ததால், இந்த ஒரு படத்துக்கு அந்த முறையில் இருக்கும் எந்த வங்கி ஆப்பில் இருந்தும் காசு கட்டலாம்.

ஆனால் ஒரு பயம் இருக்கு. அது உப்புவெளி, நிலாவெளியில் அறை வாடகைக்கு விடுகிறவர்களைப் பார்த்து வந்த பயம். நம்ம மாவட்டத்தில் ஒன்லைன் வியாபாரத்தில் முதலில் ஊறினவர்கள் அவர்கள்தான் என்று நினைக்கிறேன். புக்கிங்.கொம் 1996இல் நெதர்லாந்தில் தொடங்கினது. இன்றைக்கு ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ இருக்கும் ஒருவர் மே மாதத்தில் நிலாவெளியில் அறை எடுப்பது அப்படியான தளங்கள் வழியாகத்தான். அது பெரிய கதவு. அதே நேரம், தேடலில் தங்கள் பெயர் கீழே இறங்கினாலோ யாரோ ஒருவர் கெட்ட றிவியூ எழுதினாலோ அந்த சீசனே படுத்துவிடும். பதில் சொல்ல முறையான ஆள் கிடையாது. வந்து தங்கியவரின் ஈமெயிலைக்கூட எழுதி வைக்காதவர்கள் ஒவ்வொரு வருஷமும் அதே தளத்திடம் புதிதாகக் கொமிஷன் கொடுத்து வாடிக்கையாளரைத் தேடுகிறார்கள்.

பேஸ்புக் பக்கமும் அப்படித்தான். ஒருநாள் முடங்கினால் உங்கள் கடை முடங்கும். அதனால் வெப்சைட்டுக்கு முதல், ஒரு கொப்பி போடுங்க. யார், எந்த ஊர், எந்த மாதம், என்ன வாங்கினார், என்ன சொன்னார். போனிலும் ஒரு பிரதி இருக்கட்டும். அந்தக் கொப்பிதான் உங்கள் சொத்து.

ஜூன் 14, சற்றுப் பிறகு

கொப்பி என்றதும் ஞாபகம் வந்தது. பார்சல் படத்தை "இன்றைய ஓடர்கள்" என்று பக்கத்தில் போடும்போது ஸ்டிக்கரில் வாங்கியவர் பெயர், வீட்டு இலக்கம், போன் நம்பர் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. எத்தனையோ பக்கத்தில் பார்க்கிறேன், மனசுக்குச் சரியாகப் படவில்லை. தனியே இருக்கும் ஒரு பெண்ணின் விலாசமாக இருக்கலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கு. சட்டத்தை விடுங்க, நம்பி விலாசம் தந்த ஆளுக்கு நாம் செய்யும் மரியாதை அது. ஸ்டிக்கரை மறைத்துவிட்டுப் படம் எடுங்க.

ஜூன் 18

"பெரிய கொம்பனிகள் செய்யும் இ-பிஸ்னஸுக்கும் எங்கட கருவாட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று தம்பி கேட்டிருந்தார். கொஞ்சம் சுற்றிப்போய்ச் சொல்கிறேன்.

சீனன்குடாப் பக்கம் போனால் பிரிமா மாவாலை தெரியும். கோதுமைக் கப்பல் அங்கே வந்து நிற்கிறதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஒரு கப்பல் நகர அதோடு எத்தனை தாள் நகரவேண்டும்: என்ன சரக்கு, எவ்வளவு, யாருடையது, காப்புறுதி, சுங்கம். ஒரே விவரத்தைப் பத்து இடத்தில் பத்துப் பேர் திரும்பத் திரும்ப எழுதினால் பிழை வரத்தான் செய்யும். வணிகத்தை மின்னணுவாக்கும் வேலை இந்தத் தாள்களில் இருந்துதான் தொடங்கினது, கடைச் சாமானில் இருந்து இல்லை. 1948இல் பேர்லினுக்கு விமானங்களில் சாமான் ஏற்றினபோது எட்வர்ட் கில்பர்ட் என்ற அமெரிக்க இராணுவ அதிகாரி, சரக்கு விவரத்தை எல்லாரும் ஒரே வடிவில் டெலெக்ஸில் அனுப்பும் முறையை அமைத்தார். பிறகு 1987இல் ஐ.நா. மூலமாக, இந்த வணிகத் தாள்களை மின்னணுவாக அனுப்ப எடிஃபேக்ட் என்ற பொதுத் தரம் வந்தது. இலங்கைச் சுங்கம் இன்று பாவிக்கும் அசிகுடா என்ற கணினி முறையும் ஐ.நா.வின் அங்க்டாட் அமைப்பு உருவாக்கினதுதான்.

சம்பந்தம் எங்கே என்றால், ஒரு விவரத்தை ஒரு தடவை சரியாக எழுதி எல்லா இடத்துக்கும் அதையே பாவிப்பது. நீங்கள் வட்ஸப்பில் விலாசம் வாங்கி, அதைக் கையால் ஒரு துண்டில் எழுதி, கூரியர் கவுண்டரில் இன்னொரு தடவை எழுதுகிறீர்கள். மூன்று இடத்தில் ஒரு போன் நம்பரில் ஒரு இலக்கம் மாறினால் பார்சல் களஞ்சியத்தில் கிடக்கும். ஓடர் கொடுப்பவரையே பெயர், விலாசம், கிட்டின நகரம், இரண்டு போன் நம்பர் என்று ஒரே ஒழுங்கில் எழுதச் சொல்லுங்க. அதை அப்படியே கொப்பி பண்ணி ஸ்டிக்கரில் அடியுங்க. கப்பற்காரர் செய்யும் அதே வேலைதான்.

ஜூன் 19

நேற்று எழுதிவிட்டுப் படுத்தபிறகு கேரளா ஞாபகம் வந்தது. 1997க்கும் 2001க்கும் இடையில் வட கேரளக் கரையோரத்துக்குக் கைத்தொலைபேசி வந்தது. ரொபேர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் அங்கே மத்தி மீன் விலையைத் தொடர்ந்து அளந்து 2007இல் கட்டுரை எழுதினார். போன் வருவதற்கு முதல் ஒரு கரையில் மீனை வாங்க ஆளில்லாமல் கொட்டுவார்கள், சில கிலோமீற்றர் தள்ளி இன்னொரு கரையில் மீன் இல்லாமல் ஆட்கள் திரும்பிப் போவார்கள். போன் வந்ததும் மீனவர் கடலில் இருந்தே விலை கேட்டு, எங்கே இறக்குவது என்று முடிவெடுத்தார்கள். கொட்டுகிற மீன் ஏறக்குறைய இல்லாமல் போனது. மீனவரின் இலாபம் சராசரியாக 8 வீதம் கூடினது, வாங்குபவர் கொடுத்த விலை 4 வீதம் குறைந்தது. இரண்டு பக்கத்துக்கும் நன்மை.

வெப்சைட் இல்லை, கார்ட் இல்லை. ஒரு போன் கோல்.

நம்ம பக்கம் மீன் வாடியில் இருக்கிறவர்களும் இப்போது இதைச் செய்கிறார்கள். ஆனால் முன்பணம் தந்த சம்மாட்டிக்குத்தான் (மீன்பிடி முதலாளிக்குத்தான்) மீனைக் கொடுக்கவேண்டும் என்ற கட்டு இருந்தால், எந்தக் கரையில் என்ன விலை என்று தெரிந்தும் பிரயோசனமில்லை. கேரளாக் கணக்கைப் படிக்கும்போது எனக்கு இதுதான் உறுத்துகிறது. விலை தெரிவது ஒன்று, அந்த விலைக்குக் கொடுக்கச் சுதந்திரம் இருப்பது இன்னொன்று. உம்மாவும் மாமியும் யாரிடம் மீன் எடுக்கிறார்கள், கடனுக்கா காசுக்கா என்று பாருங்க. ஒன்லைனில் வருகிற இலாபத்தை முதலில் அந்தக் கடனை அடைக்கப் பாவியுங்க. படம் எடுக்கிற லைட், லோகோ எல்லாம் அதற்குப் பிறகு.

ஜூன் 25

பொதி செய்வது பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

கருவாடு வெயிலில் இருந்து எடுத்த சூட்டோடு பையில் போகக்கூடாது. நிழலில் பரப்பி, ஆறினபிறகு, நெத்தலி என்றால் கையில் எடுத்து உடைத்துப் பார்க்கவேண்டும். டக் என்று ஒடிந்தால் சரி, வளைந்தால் இன்னொரு வெயில். பெரிய கட்டாத் துண்டில் முள் ஓரத்தை அழுத்தினால் விரலில் ஈரம் ஒட்டக்கூடாது. பிறகு வெக்யூம் பை. துடுப்பு முள் பையைக் குத்தி ஓட்டை போடும், அதனால் துடுப்பை வெட்டிவிட்டு, துண்டைச் சுற்றி பட்டர் பேப்பர் ஒரு சுற்று. அதற்கு மேல் தடித்த பொலித்தீன், பிறகு மட்டைப் பெட்டி. மணம் வெளியே வந்தால் கூரியர் கவுண்டரில் எடுக்கமாட்டார்கள், எடுத்தாலும் மற்றவர்களுடைய சாமானில் மணம் ஏறும், அது நியாயமும் இல்லை.

திங்கள், செவ்வாயில் அனுப்புங்க. வெள்ளி அனுப்பினால் சனி ஞாயிறு எங்கோ அடைந்து கிடக்கும்.

லேபலில் என்ன மீன், நிறை, பொதி செய்த திகதி, காலாவதித் திகதி, உங்கள் விலாசம், விலை. உணவுச் சாமான் என்பதால் உங்கள் பகுதி பிஎச்ஐயிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்) நேரில் போய்க் கேட்டு ஒழுங்குபண்ணுங்க. வியாபாரப் பெயர்ப் பதிவுக்குப் பிரதேச செயலகம். அந்தத் தாள் கையில் இருந்தால் கடைப் பெயரில் வங்கிக் கணக்குத் திறப்பதும் லேசு.

அதோடு, "விலைக்கு இன்பொக்ஸ் வரவும்" என்று எழுதுவதைத் தயவுசெய்து விடுங்க. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் வியாபாரி விலையைத் தெரியும்படி காட்சிக்கு வைக்கவேண்டும் என்கிறது. ஆளைப் பார்த்து விலை சொல்கிறார்கள் என்ற சந்தேகம் ஒரு தடவை வந்துவிட்டால் அந்த ஆள் திரும்ப வரமாட்டார்.

ஜூலை 2

வாங்கியவர்கள் எழுதும் றிவியூவை எப்படிக் கையாள்வது என்று தம்பி கேட்டிருந்தார். ஈபே என்ற ஏலத் தளத்தில் 1995இல் முதலில் விற்றுப்போனது 14.83 டொலருக்கு ஒரு உடைந்த லேசர் பொயின்டர். உடைந்தது என்று சொல்லியே விற்றார்கள். அடுத்த வருஷமே வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதும் முறையைக் கொண்டுவந்தார்கள். பொருளில் உள்ள குறையை முதலே சொல்வதும், பழைய வாடிக்கையாளர் சொன்னதைப் புதியவருக்குக் காட்டுவதும் அந்த நாளிலிருந்து இந்தத் தொழிலோடு இருக்கு. உங்களுடைய கருவாட்டில் உப்புக் கூட என்றால் "உப்புக் கூட, கழுவி ஊறவைத்துச் சமைக்கவும்" என்று எழுதிவிடுங்க. தெரிந்தவர்களைக் கொண்டு ஐந்து நட்சத்திரம் போடவைக்காதீங்க. ஒருவர் குறை எழுதினால் அழிக்காமல், அதற்குக் கீழே என்ன செய்தீர்கள் என்று பதில் எழுதுங்க. நான் வாங்கும்போது முதலில் வாசிப்பது அந்தப் பதில்களைத்தான்.

ஜூலை 3

நவம்பரை மறக்கவேண்டாம். வாடைக்காற்று தொடங்கி மழை பிடித்தால் நம்ம பக்கம் கடலும் இல்லை, வெயிலும் இல்லை. கொழும்பில் இருப்பவருக்கு அது தெரியாது, டிசம்பரில்தான் வெளிநாட்டில் இருந்து வந்த சொந்தக்காரருக்கு என்று கூட ஓடர் வரும். அந்த நேரம் கையில் இல்லாத கருவாட்டுக்கு முன்பணம் வாங்கினால் முழுப் பாரத்தையும் வாங்குபவர் தலையில் வைத்ததாக ஆகும். ஒக்டோபர் முடிய இருப்பை எண்ணிப் பக்கத்தில் போடுங்க. முடிந்ததும் ஓடரை மூடிவிட்டு, பெயரை மட்டும் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்க, காசு வாங்காமல். வெயில் வந்து புதுக் கருவாடு காய்ந்ததும் அந்தப் பட்டியல் ஒழுங்கிலேயே கூப்பிட்டுக் கொடுங்க.